பல் மருத்துவத்தில் எக்ஸ் கதிர்: காண்பதும் காணாததும்

துணியின் குற்றத்தைக் கண்டறிய நெசவாளர் கையாளும் முறை எளியது. தறியினின்று அறுத்தெடுத்த துணியை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்தால், பாவில் இழை அற்ற இடமும் ஊடை நெருங்கி விழுந்த இடமும் தாமே புலப்படும். கையால் தடவி அறிய இயலாத குறையை, ஊடுருவி வரும் ஒளி காட்டிவிடுகிறது. எக்ஸ் கதிரைக் கொண்டு பல்லைப் படம் பிடிப்பதற்கும் இதுவே தத்துவமாகும். துணிக்குச் சூரிய ஒளி போதும். பல்லும் எலும்பும் அவ்வொளியை மறித்துவிடுவதால் அங்கே அதனினும் ஊடுருவும் ஆற்றல் மிக்க கதிர் வேண்டியிருக்கிறது.

இவ்வுவமையைக் கைத்தறிக்குப் பேர்போன பாலராமபுரத்திலிருந்து எடுத்ததற்குக் காரணம் உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி செல்லும் பெருஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. களியக்காவிளையை அடைந்தால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் வகுக்கப்பட்ட மாநில எல்லைக்கு இருபுறமும் தமிழும் மலையாளமும் கலந்து வழங்குகின்றன. பல் மருத்துவத்தில் எக்ஸ் கதிரின் இடம் யாது என்னும் கேள்விக்கு விடை கூறவல்ல மூன்று செய்திகள் இவ்வட்டாரத்தைச் சூழ்ந்தே அமைந்திருக்கின்றன. வடக்கே, 1959-இல் தோன்றிய திருவனந்தபுரம் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி. அதே மாவட்டத்தில், வாய்ப் புற்றுநோயை வெறுங்கண்ணால் கண்டுபிடிக்கலாம் என்று நிறுவிய ஓர் ஆராய்ச்சி. கடற்கரையிலோ, இயற்கையிலேயே கதிரியக்கம் கொண்ட கருமணல். இவற்றை ஒவ்வொன்றாகப் பின்னர் காண்போம்.

கண்ணாடிக்கு எட்டாத இடம்

வாயைத் திறந்தால் நமக்குத் தெரிவது பல்லின் மகுடம் மட்டுமே. அதன் வேர்கள் தாடையெலும்பில் புதைந்துள்ளன. மகுடத்திலும், அடுத்த பல்லோடு ஒட்டியிருக்கும் பக்கங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. பல் வைத்தியரின் சிறு கண்ணாடியும் கூர்ஊசியும் இவ்விடங்களை எட்டா. சொத்தையோ பல சமயம் அங்கே தொடங்குகிறது. இரு பற்கள் தொடும் இடத்தில் உணவுத் துகள் தங்குகிறது, துலக்கும் தூரிகை புகுவதில்லை. மேலே பளபளப்பாகத் தோன்றும் கடைவாய்ப்பல் ஒருநாள் கடலை கடிக்கும்போது திடீரென நொறுங்குவது இதனால்தான். உள்ளே பல மாதங்களாக நடந்த அரிப்பு வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது.

எக்ஸ் கதிர்க் குழாயில், சூடேறிய மின்னிழையிலிருந்து புறப்படும் எலெக்ட்ரான்கள் சுமார் 60,000 முதல் 70,000 வோல்ட் மின்னழுத்தத்தால் உந்தப்பட்டு டங்ஸ்டன் இலக்கில் மோதும்போது கதிர்கள் பிறக்கின்றன. கதிர் வெளிப்படும் நேரம் ஒரு விநாடியில் ஒரு சிறு பகுதியே. பல்லின் மேற்பூச்சான எனாமல் கதிரை மிகுதியாக விழுங்குவதால் படத்தில் வெண்மையாகத் தோன்றுகிறது. அதனுள் உள்ள பற்திசு சற்று மங்கல். நடுவே பற்கூழ் இருக்கும் அறை கருமை. உலோகத்தால் அடைத்த இடம் தூய வெள்ளை. சொத்தை, சுண்ணச் சத்து கரைந்த இடமாதலால், வெண்மையின் நடுவே ஒரு கரும் நிழலாக விழுகிறது. வேர் நுனியில் சீழ் கட்டியிருந்தால் அங்குள்ள எலும்பு கரைந்து, வேரின் முனையில் ஒரு கருவட்டம் தொங்குவது போலக் காணப்படும்.

படம் எடுக்கும் முறைகளில் மூன்றைக் கள ஊழியர் அறிந்திருப்பது நலம். முதலாவது, ஒரு பல்லின் வேர் நுனிவரை காட்டும் சிறு படம். இரண்டாவது, மேற்பல் கீழ்ப்பல் ஆகிய இரண்டின் மகுடங்களையும் ஒருங்கே காட்டும் கடிபடம்; நோயாளி ஒரு சிறு அட்டைச் சிறகைக் கடித்துக்கொள்வதால் இப்பெயர். 1925-இல் அமெரிக்கரான ரேப்பர் புகுத்திய இம்முறையே பற்களிடைச் சொத்தையைக் காண இன்றும் சிறந்தது. மூன்றாவது, குழாயும் படத்தளமும் தலையைச் சுற்றி வந்து இரு தாடைகளையும் ஒரே படத்தில் விரித்துக் காட்டும் அகலப்படம். இதற்குப் பெரிதும் உழைத்தவர் பின்லாந்து நாட்டுப் பாட்டெரோ. தாடை முறிவு, வெளிவராத ஞானப்பல், பெருங்கட்டி ஆகியவற்றை அறிய இஃது ஏற்றது. நுண்ணிய சொத்தையை அறிய ஏற்றதன்று. பிற்காலத்தில் வந்த முப்பரிமாணக் கணினிப் படத்தைப் பற்றி இங்கே விரிக்கவில்லை. அது நிபுணர் கேட்டால் மட்டும் எடுக்கத் தக்கது.

படலத்துக்குப் பதிலாக மின்னணு உணர்வி பயன்படத் தொடங்கியது 1980-களின் பிற்பகுதியில். இருட்டறையும் கழுவுநீரும் இன்றி, சில விநாடிகளில் படம் திரையில் தோன்றுகிறது. கதிரின் அளவும் குறைந்தது.

ஆறாத தாடைப் புண்

எக்ஸ் கதிரின் பயன் மிகத் தெளிவாக விளங்கும் நிலை ஒன்று உண்டு. அது கிராமங்களில் எளிதில் தவறாக உணரப்படுவது. மோவாயிலோ, கீழ்த்தாடையின் விளிம்பை ஒட்டியோ, கன்னத்திலோ ஒரு சிறு கொப்புளம் தோன்றுகிறது. உடைந்து சிறிது சீழ் வடிகிறது, காய்ந்து மூடுகிறது, சில வாரங்களில் மீண்டும் உடைகிறது. நோயாளி அதைத் தோல் நோய் என்றே கருதுகிறார். மஞ்சள் பற்றுப் போடுகிறார், களிம்பு தடவுகிறார், மாத்திரை விழுங்குகிறார். மாத்திரை உண்ணும்போது புண் அடங்குகிறது, நிறுத்தியதும் தலைகாட்டுகிறது. இவ்வாறு மாதங்கள் கழியும், சிலருக்கு ஆண்டுகளும் கழியும்.

இப்புண்ணின் வேர் பல்லில் இருக்கக்கூடும். என்றோ பட்ட அடியாலோ ஆழ்ந்த சொத்தையாலோ பற்கூழ் இறந்துவிடுகிறது. இறந்த கூழில் பெருகும் கிருமிகளால் வேர் நுனியில் சீழ் திரள்கிறது. அது எதிர்ப்புக் குறைந்த வழியே எலும்பைத் துளைத்துத் தோலுக்கு வந்து சேர்கிறது. கீழ் முன்பற்களின் சீழ் மோவாயிலும், கீழ்க் கடைவாய்ப்பற்களின் சீழ் தாடையடியிலும் வெளிப்படுவது வழக்கம். இதில் மருட்சி தருவது யாதெனில், நோயாளிக்குப் பல்வலியே இராது. கூழ் இறந்துவிட்டது, சீழுக்கோ வெளியேறும் வாயில் கிடைத்துவிட்டது, அழுத்தம் இல்லை, ஆகவே வலியும் இல்லை. “பல்லில் ஒன்றும் இல்லை ஐயா” என்று அவர் கூறுவது மெய்யாகவே அவர் உணர்வதுதான்.

பல் வைத்தியர் இதைத் தீர்மானிக்கும் விதம் அழகானது. கட்டா பெர்ச்சா என்னும் மரப்பால் பொருளாலான மெல்லிய குச்சியைப் புண்ணின் துளை வழியே மெதுவாகச் செலுத்தி, அந்நிலையில் ஒரு படம் எடுக்கிறார். எக்ஸ் கதிருக்கு அக்குச்சி வெள்ளைக் கோடாகத் தெரியும். அக்கோடு எப்பல்லின் வேரடியில் போய் முடிகிறதோ அப்பல்லே குற்றவாளி. பின்னர் வேர்க்குழாயைத் துப்புரவு செய்து அடைத்தாலோ, காக்க இயலாத பல்லாயின் பிடுங்கினாலோ, தோற்புண் சில வாரங்களில் தானே ஆறிவிடுகிறது. ஒரு சிறு குழி மட்டும் வடுவாக எஞ்சும். தோலைக் கீறி எடுக்கும் அறுவை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

கள ஊழியர் இதில் செய்ய வேண்டியது ஒன்றே. முகத்திலோ தாடையடியிலோ திரும்பத் திரும்ப உடையும் புண்ணைக் கண்டால், தோல் மருந்துக்கு அனுப்புவதற்கு முன்போ அதனுடனோ, பல்லுக்கு ஒரு படம் எடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். பாலராமபுரத்தாருக்கு இது ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் கிடைக்கும் உதவி.

பள்ளிப் பிள்ளைகளின் வாயில்

ஆசிரியர்கள் அறிய வேண்டுவது வேறு. ஐந்து வயதுக் குழந்தையின் தாடையைப் படம் பிடித்துப் பார்ப்பவர் முதன்முறை வியப்படைவார். வாயில் காணும் 20 பாற்பற்களின் கீழே, எலும்பினுள், நிலைப்பற்களின் மகுடங்கள் வரிசையாகக் காத்திருக்கின்றன. பாற்பல் எப்படியும் விழப்போவதுதானே என்று அதன் சொத்தையைப் பாராமல் விடுவது இக்காரணத்தாலேயே தவறு. பாற்பல்லின் வேரடியில் தேங்கும் சீழ், கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லின் எனாமலைக் கெடுத்துவிடலாம். அப்பல் முளைக்கும்போதே குழியும் பழுப்புக் கறையுமாக வெளிவரும்.

ஆறு வயதில் முளைக்கும் முதல் பெரிய கடைவாய்ப்பல் மற்றொரு பொறி. எந்தப் பாற்பல்லும் விழாமலே, பாற்பல் வரிசைக்குப் பின்னால் அது தோன்றுவதால், பெற்றோர் அதையும் பாற்பல் என்றே எண்ணிவிடுகின்றனர். சொத்தை விழுந்தால் “விழுந்து முளைக்கும்” என்று காத்திருக்கின்றனர். அது விழுந்தால் மறுபடி முளைப்பதில்லை. அதன் வேர் முழுமை பெறவே முளைத்தபின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வேர் நுனி மூடிவிட்டதா, திறந்திருக்கிறதா என்பதைப் படத்தில் பார்த்த பின்னரே வைத்தியர் சிகிச்சையின் வகையை முடிவு செய்கிறார். படமின்றிச் செய்வது இருட்டில் துழாவுவதாகும்.

வகுப்பறையில் ஆசிரியர் கண்ணுக்குத் தென்படும் வேறு சில அடையாளங்களும் உண்டு. மேல் முன்பற்களில் ஒன்று முளைத்து ஓராண்டாகியும் அதன் இணைப்பல் வரவில்லையானால், இடையே மிகைப்பல் ஒன்று எலும்பினுள் வழிமறித்துக் கிடக்கலாம். 12, 13 வயதாகியும் மேல் கோரைப்பல் காணாவிட்டால் அது அண்ணத்தின் பக்கம் திரும்பிப் படுத்திருக்கலாம். விளையாட்டில் அடிபட்ட முன்பல் சில மாதங்களில் சாம்பல் நிறமாக மாறினால் கூழ் இறந்திருக்கலாம். இம்மூன்றிலும் “இருக்கலாம்” என்பதை “இருக்கிறது” அல்லது “இல்லை” என்று மாற்றுவது படமே.

படத்தில் விழாதவை

எக்ஸ் கதிர்ப் படத்தை எல்லாம் அறிந்த சாட்சியாகக் கொள்ளுதல் பிழை. ஓரிடத்தில் சுண்ணச் சத்து சுமார் 30 முதல் 40 சதவீதம் வரை கரைந்த பிறகே அங்கு நிழல் தெரியும். ஆகவே தொடக்க நிலைச் சொத்தை படத்துக்குத் தப்பிவிடும். படத்தில் காணும் சொத்தையின் ஆழமும் உண்மை ஆழத்தினும் குறைவாகவே தோன்றும். மேலும், படம் தட்டையானது. முன்னும் பின்னுமாக உள்ள இரு பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடும்.

இவற்றினும் முக்கியமானது, வாயின் மென்தசையில் தோன்றும் நோய் எக்ஸ் கதிர்ப் படத்தில் விழுவதே இல்லை. வெற்றிலை பாக்குடன் புகையிலை மெல்லுவோரின் கன்ன உட்புறத்தில் தோன்றும் வெண்திட்டு, செந்திட்டு, ஆறாத புண் ஆகியவை புற்றுநோயின் முன்னோடிகளாக இருக்கக்கூடும். இவை எலும்பை அரித்த பிறகுதான் படத்தில் தெரியும். அப்போது காலம் கடந்துவிட்டிருக்கும். “படம் எடுத்தேன், ஒன்றும் இல்லை என்றார்கள்” என்று மன நிறைவடைந்து திரும்புபவர், கன்னத்துத் திட்டை மறந்துவிடுவாரானால் படம் அவருக்குத் தீங்கே செய்ததாகும்.

இங்கேதான் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடந்த ஆராய்ச்சி நினைவுகூரத் தக்கது. டாக்டர் ஆர். சங்கரநாராயணனும் 1981-இல் தோன்றிய மண்டலப் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த அவருடைய சகாக்களும் 13 ஊராட்சித் தொகுதிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஏழில் 1996 முதல் மூன்று சுற்றுகளாக மக்களின் வாயைச் சோதிக்கச் செய்தனர். எஞ்சிய ஆறில் வழக்கமான மருத்துவ வசதியே இருந்தது. சோதித்தவர்கள் வைத்தியர்கள் அல்லர். பயிற்சி பெற்ற பட்டதாரி ஊழியர்கள். சோதனைத் தொகுதிகளில் தகுதியுடைய 96,517 பேரில் 87,655 பேர் ஒரு முறையேனும் சோதிக்கப்பட்டனர். 2005-இல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு சோதனைத் தொகுதிகளில் 34 சதவீதம் குறைந்திருந்தது. இவ்வளவுக்கும் சோதனையின் அடிப்படை நல்ல வெளிச்சத்தில் பயின்ற கண் பார்த்ததே.

எனினும் அதே ஆராய்ச்சியில் மற்றொரு செய்தியும் அடங்கியுள்ளது. ஐயத்துக்குரியோர் என்று கண்டறியப்பட்ட 5,145 பேரில் மேற்சோதனைக்குச் சென்றவர்கள் 3,218 பேர், அதாவது 63 சதவீதமே. நோயைக் கண்டுபிடிப்பதோடு கள ஊழியரின் வேலை முடிவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

புற்றுநோய் உறுதியானபின் எக்ஸ் கதிர் மீண்டும் வேறொரு வேடத்தில் வருகிறது. தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கும் முன்னர், அகலப்படம் எடுத்துக் காக்க இயலாத பற்களைக் களைந்துவிடுவது முறை. சிகிச்சைக்குப் பின் தாடையெலும்பின் இரத்த ஓட்டம் குன்றிவிடுவதால், அப்போது பல் பிடுங்கினால் அக்காயம் ஆறாமல் எலும்பே அழுகிப்போகும் அபாயம் உண்டு.

கதிரைக் கண்டு அஞ்சலாமா?

படம் எடுக்கச் சொன்னதும் தயங்குவோர் எங்கும் உண்டு; குழந்தைகளின் பெற்றோரும் கருவுற்ற தாய்மாரும் குறிப்பாகத் தயங்குவர். இவ்வச்சம் அடியோடு ஆதாரமற்றதன்று. 1895 நவம்பரில் ராண்ட்கன் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த சில வாரங்களிலேயே ஜெர்மானியப் பல் வைத்தியர் வால்க்கோஃப் தம் வாயையே படம் பிடித்தார். அதற்கு அவர் அசையாமல் இருந்த நேரம் 25 நிமிடம். அமெரிக்காவில் எட்மண்ட் கெல்ஸ் என்னும் பல் வைத்தியர் குழாயைச் சரிபார்க்க நாள்தோறும் தம் கையையே கதிரின் முன் நீட்டி வந்தார். விரல்களில் புற்று தோன்றியது. விரல்கள், பின் கை, பின் புயம் என்று அறுத்தெடுத்தும் நிற்கவில்லை. 1928-இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். படலத்தை நோயாளியின் வாயில் வைத்தியரோ உதவியாளரோ தம் விரலால் பிடித்துக்கொள்ளக் கூடாது என்னும் விதி இத்தகைய அனுபவங்களில் விளைந்தது.

இன்றைய நிலை வேறு. வாயினுள் எடுக்கும் ஒரு சிறு படத்தால் உடல் பெறும் கதிர் சுமார் 0.005 மில்லிசீவர்ட். அகலப்படத்துக்கு, கருவியைப் பொறுத்து, ஏறத்தாழ 0.003 முதல் 0.025 வரை ஆகலாம். மண், கல், காற்று, வானம் ஆகியவற்றிலிருந்து உலக மக்கள் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் சராசரியாகப் பெறுவது 2.4 மில்லிசீவர்ட். ஒரு சிறு பல் படம் என்பது, ஆகவே, வீட்டில் சும்மா இருந்தாலும் ஒரு நாளில் பெறும் அளவை ஒட்டியதே.

நமது கடற்கரை மக்களுக்கு இதை விளக்க மேலும் ஓர் எடுத்துக்காட்டு கைவசம் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க் கண்டறிந்தார். தோரியம் கலந்த அம்மணல் வடக்கே கொல்லம் மாவட்டத்துச் சவறை, கருநாகப்பள்ளி வரை ஆங்காங்கே பரவியுள்ளது. கருநாகப்பள்ளிக் கடலோர ஊராட்சிகளில் திறந்தவெளிக் கதிரளவு ஆண்டுக்கு 4 மில்லிகிரேக்கு மேல். சில இடங்களில் 70 வரை. காமாக் கதிரில் கிரேயையும் சீவர்ட்டையும் தோராயமாக ஒப்பிடலாம். அங்கு வாழ்ந்த 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் பின்தொடர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, அக்கதிரால் புற்றுநோய் மிகுந்ததாகக் காணவில்லை.

இதிலிருந்து கதிர் எவ்வளவு பட்டாலும் தீங்கில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சிறிது சிறிதாக ஆண்டு முழுதும் படும் கதிரையும் நொடியில் படும் கதிரையும் முற்றிலும் ஒன்றாகக் கருத இயலாது. வளரும் குழந்தையின் உடல் கதிருக்கு அதிகம் நெகிழ்வது. காரணமின்றி ஒரு படமும் எடுக்கலாகாது என்பதே மருத்துவ உலகின் விதி. வைத்தியர் முதலில் வாயைச் சோதித்து, படத்தினால் சிகிச்சை மாறக்கூடுமா என்று எண்ணிப் பார்த்தே எழுதித் தர வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆண்டுதோறும் ஒரு படம் என்று பள்ளி முகாம்களில் ஏற்பாடு செய்வது, எண்ணம் நல்லதாயினும், இவ்விதிக்கு மாறானது.

கருவுற்றவருக்குப் பல் படம் அவசியமானால் எடுக்கலாம். கதிர் வயிற்றை நோக்கிச் செல்வதில்லை. பிரசவம் வரை சீழை வைத்துக்கொண்டு காத்திருப்பது தாய்க்கு நல்லதன்று. ஈயக் கவச ஆடையைப் பற்றி ஒரு சொல்: 2024-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம், கதிரைக் குறுகிய பரப்பில் அடக்கும் தற்காலக் கருவிகளில் அவ்வாடை வழக்கமாகத் தேவையில்லை என்று பரிந்துரைத்தது. ஆகவே ஓரிடத்தில் கவசம் அணிவித்ததையும் மற்றோரிடத்தில் அணிவிக்காததையும் கண்டு எவரும் கலங்க வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு. நம் நாட்டில் இத்தகைய கருவிகளைக் கண்காணிப்பது 1983-இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். கருவி அவ்வாரியத்தில் முறைப்படி பதிவு பெற்றதா என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. இயக்குபவர் ஆறு அடியேனும் விலகியோ, மறைப்புக்குப் பின்னோ நிற்க வேண்டும். குழந்தையைப் பிடித்துக்கொள்ள நேர்ந்தால், பிடிப்பவர் பெற்றோரில் ஒருவராக, கருவுறாதவராக, கவசம் அணிந்தவராக இருத்தல் வேண்டும்.

இறுதியாக, படம் எடுத்தபின் அதை என்ன செய்வது என்பது பற்றி. பலர் சிகிச்சை முடிந்ததும் அதை எங்கேனும் போட்டுவிடுகின்றனர். வேரடியில் கரைந்த எலும்பு மீண்டும் வளர ஆறு மாதமோ ஓராண்டோ ஆகும். வளர்ந்ததா என்பதைப் பழைய படத்தோடு புதிய படத்தை ஒப்பிட்டே சொல்ல முடியும். பழையது கையில் இருந்தால் வேறு ஊரில் வேறு வைத்தியரிடம் செல்லும்போது அதே படத்தை மறுபடி எடுக்கவும் வேண்டியிராது. இரு மழைக்காலமும் காணும் இவ்வட்டாரத்தில் படலத்தில் பூஞ்சை பிடிப்பது எளிது. காகித உறையிலிட்டு, பெயரும் தேதியும் உறையின் மேல் எழுதி, பள்ளிச் சான்றிதழ்கள் வைக்கும் தகரப் பெட்டியிலேயே இதையும் வைக்கலாம். கணினிப் படமாயின் அதன் நகலைக் கைப்பேசியில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.